வீட்டுக்குள் ஓடும் பூனையைக் கலங்காமல் படம் பிடிப்பது எப்படி?

கலங்கிய படம் என்று யார் எதைக் காட்டினாலும், முதலில் அதைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பார்ப்பேன்: விலங்கின் கண், அதன் காலடித் தரை, பின்னால் உள்ள சுவர். தரையும் சுவரும் தெளிவாக இருந்து பூனை மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது பூனை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அசைந்தது உங்கள் கை. வால் முடியை எண்ணிவிடலாம், முகம் மட்டும் மங்கல் என்றால் யாரும் அசையவில்லை. ஃபோகஸ் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கை நடுக்கத்துக்கு முக்காலி உதவும். ஓடுகிற பூனைக்கு முக்காலி வைத்து என்ன பயன்? லென்ஸுக்குள்ளும் கேமராவுக்குள்ளும் இருக்கிற குலுக்கல் தடுப்பு வசதியும் அப்படித்தான். அது உங்கள் கையை நிதானப்படுத்தும், பூனையை நிதானப்படுத்தாது. கடைக்காரர் அதைக் காட்டி விலையை ஏற்றினால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

நம் சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊர்களுக்கே உரிய இன்னொரு கலங்கலும் உண்டு. குளிர்சாதன அறையில் இருந்த கேமராவைக் கூடத்துக்குக் கொண்டுவந்த உடனே லென்ஸில் ஆவி படிந்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையோடு கூடத்தில் வைத்து, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் தேநீர் குடிக்கலாம், பூனையும் உங்களை மோந்து பார்த்து முடித்துவிடும்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரி அல்ல. தத்துக்குக் காத்திருக்கும் பூனை, நாய், முயல்களைத் தற்காலிகமாக வைத்துப் பராமரிப்பவர்களின் வீடுகளுக்கு வார இறுதியில் போய்ப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஈசூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் என்று பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள், அதாவது வீவக வீடுகள்தான். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் உரிமத்தோடு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று ஆன பிறகு, “எங்கள் வீட்டுப் பூனையையும் எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் என்னால் போக முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தத்துப் படத்துக்கு ஒரே சட்டம்தான்: முகம் தெரிய வேண்டும். கைப்பேசியில் தள்ளிக்கொண்டே போகிறவரின் கட்டைவிரல் நிற்கும் அளவுக்குக் கண் கூர்மையாக விழ வேண்டும். படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தாலும் அதற்காக யாரும் ஒரு பூனையை வேண்டாம் என்றதில்லை. முகம் கலங்கியிருந்தால் தாண்டிப் போய்விடுகிறார்கள். கீழே நான் சொல்லும் எல்லா யோசனைகளும் இந்தச் சாய்விலிருந்து வருபவைதான். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவின் ஒளித்திரை திறந்து மூடும் வேகத்தை, முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு விலையாகப் புள்ளிகளைக் கொடுத்தாலும் பரவாயில்லை.

எவ்வளவு வேகம் வேண்டும்?

கணக்கு எளியது. இறகுப் பொம்மையைத் தட்டும் பூனையின் பாதம் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் பாதம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பாதத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். 1/250 நொடியில் எட்டு மில்லிமீட்டர். 1/1000 நொடியில் இரண்டே மில்லிமீட்டர். அது கண்ணுக்குத் தெரியாது.

தூங்குகிற பூனைக்கு 1/60 போதும், மூச்சுதான் விடுகிறது. உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும் பூனைக்கு 1/200 வைப்பேன். காது சட்டென்று திரும்பும். நடந்து வருவதற்கு 1/320. விளையாட்டு என்றால் 1/800-க்குக் கீழே போவதில்லை, தாவலுக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். குளித்துவிட்டு உடம்பை உதறும் நாய்க்கு 1/2000 இருந்தால்தான் நீர்த்துளிகள் துளிகளாக நிற்கும். மூச்சிரைக்கும் நாயைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உடம்பு ஆடாமல் உட்கார்ந்திருக்கும், ஆனால் நாக்கும் தாடையும் நொடிக்கு நான்கைந்து முறை ஆடும். 1/125-இல் எடுத்தால் கண் தெளிவு, வாய்ப் பக்கம் குழம்பு. 1/400-க்கு ஏற்றுங்கள், அல்லது தண்ணீர் கொடுத்து அது வாயை மூடும் வரை பொறுங்கள். இரண்டாவது வழி செலவில்லாதது.

திசையும் தொலைவும் கணக்கில் சேரும். உங்களை நோக்கி நேராக வரும் விலங்கைவிடக் குறுக்கே ஓடும் விலங்குதான் அதிகம் கலங்கும். அரை மீட்டரில் நின்று எடுத்தால் சின்ன அசைவும் படத்தில் பெரிதாகிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதே அசைவு படத்தில் சிறுத்துவிடும். இப்போதைய கேமராக்களின் கோப்புகளில் நறுக்கி எடுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. ஆகவே கிட்டப் போகாதீர்கள். பூனையும் அதைத்தான் விரும்பும்.

வெளிச்சம் எங்கே இருக்கிறது?

இரவு ஒன்பது மணிக்கு ஒரு சாதாரணக் கூடம். விளக்குகள் எல்லாம் எரிகின்றன, நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சம். ஆனால் கேமராவோடு வந்த லென்ஸை முழுக்க நீட்டி எஃப் 5.6-இல் வைத்து (இது லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது), ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 3200 ஆக்கினால், கிடைக்கும் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/30. தூங்குகிற பூனைக்கே போதாது. அதே கூடத்தில் எஃப் 1.8 லென்ஸ் போட்டால் ஏறக்குறைய 1/320. பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. புது கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: கேமராவை விட்டுவிடுங்கள், ஒரு 50 மில்லிமீட்டர் அல்லது 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் வரிசையிலும் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று அது. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைத்தொகுதிகளில் பழைய லென்ஸ்கள் நல்ல நிலையில் கிடைக்கும். வாங்கும் முன் விளக்கைப் பிடித்து, உள்ளே பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஈரப்பதத்தில் லென்ஸ் பூஞ்சை பிடிப்பது சர்வ சாதாரணம்.

லென்ஸ் வாங்க மனமில்லையா? ஜன்னல் இருக்கிறது. பகலில் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில், இரவுக் கூடத்தைவிடப் பதினைந்து மடங்குகூட வெளிச்சம் இருக்கும். அந்த இடத்தில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்தாலே 1/1000 கிடைத்துவிடும். மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப் போனால் அந்தச் செழிப்பு போய்விடும். ஆகவே பூனையின் ஏறுமரத்தை, நாயின் மெத்தையை, முயலின் கூண்டை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுங்கள். முந்தைய நாளே போட்டுவிட்டால் விலங்கு அந்த இடத்துக்குப் பழகிவிடும். நீங்கள் ஜன்னலை ஒட்டி நில்லுங்கள், அதன் முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும். எதிர்ப்பக்கம் நின்றால் பின்னால் வெளுத்த வானமும் முன்னால் கறுத்த நிழலும்தான் மிஞ்சும்.

இங்கே பல வீவக வீடுகள் வடக்கு தெற்காகப் பார்த்தபடி கட்டப்பட்டிருப்பதால் நேர் வெயில் அதிகம் உள்ளே வருவதில்லை. படத்துக்கு அது நல்லதே. ஆனால் நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், வடக்கு ஜன்னலில் வெயில் விழும். டிசம்பரில் தெற்கு ஜன்னலுக்கு அந்த முறை. வெயில் நேராக விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். கொஞ்சம் வெளிச்சம் குறையும், ஆனால் பாதி முகம் எரிந்து பாதி முகம் இருண்ட கோரம் இருக்காது. பூனைக்காக ஜன்னலில் அடித்திருக்கும் வலையும் நேர் வெயிலில் கட்டம் கட்டமாக நிழல் போடும். அதற்கும் இதே திரைதான்.

சமையலறையை ஒட்டித் துணி காய வைக்கும் இடத்தை மறந்துவிடாதீர்கள். பல வீடுகளில் நல்ல வெளிச்சம் அங்கேதான். துணிக்கம்புகளை ஒதுக்கிவிட்டு பூனை உட்கார ஒரு பலகையைப் போட்டால் போதும். வாளிகள் பின்னணியில் தெரிகின்றனவே என்று வீட்டுக்காரர் சங்கடப்படுவார். எஃப் 2-இல் வாளிகள் வெறும் நிறத் திட்டுகளாகிவிடும் என்று சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை எட்டரையிலிருந்து பத்து வரை எனக்குப் பிடித்தது. பூனைக்கு விடியலும் அந்தியும்தான் ஆட்டம் போடும் நேரம். மாலை ஆட்டம் நமக்குப் பயன்படாது. ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே இருட்டிவிடுகிறது. காலை ஆட்டத்தின் வால்பகுதியைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

விளக்குகள் செய்யும் சூழ்ச்சி

பகலில் ஜன்னல் வெளிச்சம் போதும் என்றால் அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். மஞ்சளும் நீலமும் கலந்து பூனைக்குக் காமாலை வந்ததுபோல் தெரிவது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் பல எல்இடி விளக்குகளும் குழல் விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/50, 1/100 என்று எடுத்தால் கேமராவுக்கும் தெரியாது, ஏனென்றால் முழு ஏற்ற இறக்கமும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் நாமோ 1/500 கேட்கிறோம். அந்தச் சிறு இடைவெளியில் விளக்கு உச்சத்தில் இருந்தால் ஒரு படம் பளிச்சென்று வரும். அடுத்த படம் இருண்டு, நிறம் மாறி, குறுக்கே பட்டைகளோடு வரும். கேமரா பழுது என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

உங்கள் விளக்கு எப்படிப்பட்டது என்று பார்க்கக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுங்கள். துடிக்கிற விளக்கு காணொளியில் அப்பட்டமாகத் துடிக்கும். துடிக்காத விளக்குகளும் இருக்கின்றன. ஒரே அறையில் ஒன்று துடிக்கும், பக்கத்தில் உள்ளது துடிக்காது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள விளக்குகளைக் குறைத்து வைத்தால் துடிப்பு மோசமாவது வழக்கம்; முழு ஒளியில் வையுங்கள். பல கேமராக்களின் பட்டியலில் துடிப்பைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால், விளக்கு உச்சத்துக்கு வரும் கணம் பார்த்துக் கேமரா ஷட்டரைத் திறக்கும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரை இந்த விளக்குகளின் கீழே பயன்படுத்த வேண்டாம். பட்டைகள் அதில்தான் மிக அதிகம். கூச்சமுள்ள பூனைக்கு அந்த ஷட்டர் வரம்தான், ஆனால் ஜன்னல் ஓரத்தில் மட்டும். அங்கேயும் வேகமாகப் போகும் வால் வளைந்து விழக்கூடும்.

கேமராவில் வைக்க வேண்டியவை

‘எம்’ எனும் கைமுறை நிலைக்குத் திருப்பி, ஷட்டரையும் துளையையும் நீங்களே வையுங்கள். ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பாக 12800 கொடுங்கள். “12800-ஆ?” என்று முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை எடுத்து, கைப்பேசித் திரை அளவில் பார்த்துவிட்டுப் பேசலாம். ‘ரா’ எனும் பதப்படுத்தாத மூலக் கோப்பாகச் சேமித்தால், பின்னர் புள்ளிகளைக் குறைக்கும் மென்பொருள் நன்றாக வேலை செய்யும். அடோபியின் லைட்ரூமில் 2023-இல் வந்த புள்ளி நீக்கும் வசதிக்குப் பிறகு ஐஎஸ்ஓ பற்றிய பழைய அச்சங்களுக்கு இடமே இல்லை.

துளையை எஃப் 1.8-இலேயே வைக்கச் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸோடு ஒரு மீட்டரில் நின்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர்தான். பூனையின் கண்ணிலிருந்து மூக்கு வரைக்கும் அது சரியாக இருக்கும். நீண்ட மூக்குள்ள நாய்க்குப் போதாது. நான் முன்பே சொன்னபடி இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் இந்தப் பிரச்சினையும் தளர்ந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போது எஃப் 2.8-க்கு மாறுங்கள்.

ஃபோகஸைத் தொடர் நிலையில் வையுங்கள். விலங்குக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி 2019 வாக்கில் சோனியில் வந்து, பிறகு மற்ற நிறுவனங்களிலும் பரவிவிட்டது. இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள். கறுப்புப் பூனை என்றால் முகத்தின் நடுவில் குறிபார்க்காதீர்கள், அங்கே பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. கண்ணின் பளபளப்பான விளிம்பில் வையுங்கள். ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கை அணைத்துவிடுங்கள். பூனை அந்த ஒளிப்புள்ளியைத் துரத்த ஆரம்பித்துவிட்டால் அன்றைய வேலை அதோடு சரி.

கறுப்புப் பூனைகளைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். தத்துப் படங்களில் அதிகம் பாதிக்கப்படுபவை அவையே. கறுப்பு உடல் படச்சட்டத்தை நிறைத்தால், கேமராவின் அளவி “இருட்டாக இருக்கிறது” என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும். ஷட்டரைக் கேமராவிடம் விட்டிருந்தால் அது வேகத்தைக் குறைக்கும். பூனை சாம்பல் நிறமாகவும் ஆகும், கலங்கியும் போகும். வெளிச்ச ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) ஒரு படி கழித்து, -1 வையுங்கள். பூனை கறுப்பாகவே இருக்கும். கேமரா வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் நிலையில் ஷட்டர் இரட்டிப்பு வேகம் பெறும், தானியங்கி ஐஎஸ்ஓ என்றால் ஐஎஸ்ஓ பாதியாகும். இலவசமாகக் கிடைக்கும் சலுகை இது ஒன்றுதான். வெள்ளைப் பூனைக்கு நேர் எதிர்: ஒரு படி கூட்ட வேண்டும், அதற்குரிய வெளிச்சத்தையும் தேட வேண்டும்.

விலங்கு நிற்கும் கணம்

எந்த ஆட்டத்திலும் இடைவெளி இருக்கிறது. தாவுவதற்கு முன் பூனை பதுங்கி, பின்பக்கத்தை இடம் வலமாக ஆட்டும். கண் விரிந்து, காது முன்னோக்கி, முகம் சிலையாக நிற்கும். தத்துப் படத்துக்கு அந்த முகம்தான் வேண்டும், 1/250-இலேயே கிடைத்துவிடும். தாவலையே பிடிக்க ஆசையென்றால் உச்சியைக் குறிவையுங்கள். மேலே போவது நின்று கீழே வருவது தொடங்கும் அந்தப் புள்ளியில் செங்குத்து வேகம் சுழியம். பொம்மையை ஆட்டுபவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு மேலே தூக்க வேண்டும், நீங்கள் அந்த இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்க வேண்டும். பூனையைத் துரத்திக்கொண்டு நீங்கள் கூடத்தைச் சுற்றி ஓடினால் இருவரும் களைப்பது மட்டும்தான் மிச்சம்.

பொம்மையை ஆட்டுபவர் யார் என்பது லென்ஸைவிட முக்கியம் என்று சில சமயம் தோன்றும். வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லி இடைவிடாமல் கூப்பிடுவார்கள். விலங்கு ஒவ்வொரு அழைப்புக்கும் தலையைத் திருப்பும். “அம்மா, நான் சொல்லும்போது ஒரே ஒருமுறை கூப்பிடுங்கள்” என்று பணிவாகக் கேட்டுக்கொள்வேன். தின்பண்டப் பொட்டலத்தை ஒருமுறை கசக்கினால் தலை நிமிர்ந்து அப்படியே நிற்கும். மூன்றாவது முறை கசக்கினால் மதிக்காது. அந்தச் சத்தத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போனால் கவனம் கூர்மையாக இருக்கும், சாப்பிட்ட பின் தூக்கம்தான்.

ஃபிளாஷ் போடலாமா?

போடலாம், நேராக முகத்தில் அல்ல. நேராக அடித்தால் கண்ணின் உட்படலம் ஒளியைத் திருப்பி அனுப்பி, பச்சையும் மஞ்சளுமாக இரண்டு வட்டங்கள்தான் மிஞ்சும். தலையைத் திருப்பக்கூடிய தனி ஃபிளாஷை மேலே பார்த்துத் திருப்புங்கள். வீவக வீடுகளின் வெள்ளைக் கூரை இரண்டரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். ஒளியைத் திருப்பி அனுப்ப இதைவிடப் பொருத்தமான உயரம் கிடைக்காது. மரப்பலகை வேய்ந்த ஆடம்பரக் கூரைகள்தான் படத்தைப் பழுப்பாக்கும்.

ஃபிளாஷ் அசைவை நிறுத்துவது ஷட்டரால் அல்ல, தன் சொந்த மின்னலின் நேரத்தால். நிக்கானின் எஸ்பி-910 ஃபிளாஷ் முழுச் சக்தியில் 1/880 நொடி எரியும், எட்டில் ஒரு பங்குச் சக்தியில் 1/5000 நொடிதான், பதினாறில் ஒரு பங்கில் 1/10000. சக்தியைக் குறைக்கக் குறைக்க அசைவு உறையும். ஆகவே ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றிக்கொண்டு ஃபிளாஷ் சக்தியை இறக்குங்கள். ஷட்டரை, ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கக் கேமரா அனுமதிக்கும் உச்ச வேகமான ஒத்திசைவு வேகத்தில், பெரும்பாலும் 1/200-இல், வையுங்கள். அதற்கு மேலே போக உதவும் அதிவேக ஒத்திசைவு நிலைக்கு மாறினால் ஃபிளாஷ் துடித்துத் துடித்து எரியும். நாம் தேடிப் போன குறுமின்னல் போய்விடும்.

கூட வரும் பையன் ஒருவன், “அக்கா, ஃபிளாஷ் தயார், எடுக்கலாமா?” என்பான். “தம்பி, முதலில் மேலே பார்” என்பேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். இறக்கை ஒளியின் குறுக்கே வந்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது நிழல் விழுந்தும் வரும். விசிறியை நிறுத்துங்கள், அல்லது ஃபிளாஷை அது இல்லாத பக்கம் திருப்புங்கள். விசிறியோடு சேர்ந்த விளக்கு இருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. விளக்குக்கு முன்னால் இறக்கை ஓடினால் அதுவும் ஒரு துடிப்புதான்.

முதல் மின்னலை விலங்கு இல்லாத மூலையில் அடித்துக் காட்டுங்கள். திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்தால் தொடரலாம். பதுங்கினால் ஃபிளாஷைப் பையில் போட்டுவிடுங்கள். பறவைகளுக்கும் குட்டிகளுக்கும் நான் ஃபிளாஷை எடுப்பதே இல்லை.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது என்றால்

இரவு நிலையை அணையுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. பூனை ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் இருக்கும். ஐபோனில் நொடிக் கணக்கோடு மஞ்சளாகத் தெரியும் குறியைத் தட்டி, அதை அணைத்துவிடுங்கள். எப்போதும் 1 என்று குறித்த முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். அகலக்கோண லென்ஸும் தொலைநோக்கு லென்ஸும் பொதுவாகக் குறைந்த வெளிச்சமே வாங்கும். ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் ‘ப்ரோ’ நிலை சாம்சுங்கின் பல கைப்பேசிகளில் இருக்கிறது, ஐபோனுக்குத் தனிச் செயலி வேண்டும். தொடர் படங்களாகச் சுட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் ஓரத்தில் 4கே காணொளியை நொடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) என்று எடுத்து, அதிலிருந்து ஒரு சட்டத்தைப் பிரித்தால் எட்டு மெகாபிக்சல் படம் கிடைக்கும். தத்துப் படத்துக்கு அது தாராளம். பூனை அசையவே இல்லை, ஆனாலும் முடியெல்லாம் வண்ணம் கரைந்ததுபோல் இருந்தால், அது கைப்பேசி புள்ளிகளை அழிக்கப் போய் முடியையும் சேர்த்து அழித்த வேலை. வெளிச்சத்துக்கு நகர்வதைத் தவிர வழியில்லை.

கூண்டும் தொட்டியும்

கூண்டுப் பறவைகள் பார்க்கத்தான் கடினம். அவற்றின் தலை வெட்டி வெட்டித் திரும்பும், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே அப்படியே நிற்கும். 1/250-இல் தொடர் படங்களாகச் சுட்டால் சில நிச்சயம் அந்த இடைவெளியில் விழும். மூங்கில் கூண்டுக்குள் தாவித் தாவித் திரியும் மாத்தா பூத்தே போன்ற சிட்டுக்கு 1/1000 கேளுங்கள். பெரும்பாலும் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தொங்கும் கூண்டு என்பதால் வெளிச்சம் கிடைத்துவிடும். கம்பிகள் மறைய, துளையை முழுக்கத் திறந்து லென்ஸைக் கம்பிக்கு மிக அருகில் கொண்டுபோங்கள். பூனை வலைக்கும் இதே உத்திதான்.

மீன்தொட்டிக்கு அறை விளக்கை அணைத்து, தொட்டி விளக்கை மட்டும் விட்டு, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நில்லுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழலுருவம் விழாது. லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக, ஒட்டினாற்போல் வையுங்கள். சாய்த்தால் நீரும் கண்ணாடியும் ஒளியை வளைத்து, அசையாத மீனையும் கலக்கிவிடும். செந்தோசாவில் 2025 ஜூலையில் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற மீன் காட்சியகத்தின் தடித்த தொட்டிச் சுவர்களுக்கும் இது பொருந்தும். பழகிப் பார்க்க ஏற்ற இடம் ரிவர் வொண்டர்ஸ் விலங்குத் தோட்டத்தில் மானட்டி எனும் கடற்பசுக்கள் நீந்தும் தொட்டி. அவற்றின் நிதானத்துக்கு 1/100 போதும், ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைக் கழிக்கும்போது கண்ணை மட்டும் பாருங்கள். கூர்மை ஏற்றும் அளவுகோலை எவ்வளவு இழுத்தாலும் அசைவுக் கலங்கல் போகாது, அப்படிப்பட்டவற்றை அழித்துவிடுங்கள். தத்து அறிவிப்புக்கு மூன்று படங்கள் போதும்: முகம், முழு உடல், யாராவது ஒருவரின் மடியில் இருப்பது. மடிப் படத்துக்கு 1/125-ஏ போதும். அதில் அசைவது பெரும்பாலும் மடிக்குச் சொந்தக்காரர்தான். அவரைத்தான் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும்.